வாராக் கடன்

1

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு யுனிவர்சிடியில் இங்கிலீஷ் போதிக்கும் நண்பர், சென்ற வருஷம் எழுதிய கடிதத்தில், வேறு விஷயங்களுக்கிடையே தன் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தார். வயது 23. நாலு வயதில் ஒரு பையன். பையனின் தகப்பன் எங்கேயோ. பகலில் வகுப்பு, மாலையில் ஒரு கடையில் வேலை, இரவில் குழந்தை. இவள் தன் இரண்டாம் வருஷத்தில் அங்குள்ள ஸொராரிட்டி ஒன்றில் சேர்ந்தாள். ஞாயிறு இரவு நடக்கும் வாரக் கூட்டத்துக்கு ஒரே பருவத்தில் மூன்று முறை போகவில்லை. மூன்று முறையும் பையன்தான் காரணம். விதிப்படி கூட்டத்துக்கு 15 டாலர் வீதம் அபராதம். தகுந்த காரணம் எழுதிக் கொடுத்தால் தள்ளுபடி உண்டு. அவள் எழுதிக் கொடுக்கவில்லை. 45 டாலரையும் கட்டினாள். குழந்தைக்கு ஜுரம் என்று ஒரு வரி எழுதினால் போதுமே, ஏன் கட்டினாய் என்று நண்பர் கேட்டிருக்கிறார். மன்னிக்கப்பட்டவள் விருந்தாளி, அபராதம் கட்டியவள் அங்கத்தினர் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னாளாம்.

நண்பர் இதை வீம்பு என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்குப் போக முடியவில்லை. சேர்ந்திருப்பது என்றால் என்ன, சேர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் எதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள், கொடுக்க இயலாதவள் சேர்ந்தவள்தானா என்கிற பிரச்னையை அந்தப் பெண் நம்மில் பலரைவிட நெருக்கமாகத் தொட்டிருக்கிறாள் என்று பட்டது. இந்தக் கட்டுரையை நண்பருக்கு நான் போடாத பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

2

ஸொராரிட்டி என்பது நம் காலேஜ்களில் இல்லாத ஒரு வஸ்து. பாதி ஹாஸ்டல், பாதி சங்கம், கூடவே ஒரு குலத்தின் சாயல். கிரேக்க எழுத்துக்களால் பெயர். ரகசியச் சடங்கில் பிரதிக்ஞை. பல இடங்களில் பெரிய வீடு ஒன்று இருக்கும். அதில் ஒரு வருஷமாவது தங்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். பருவத்துக்கு இவ்வளவு என்று சந்தா. வாரக் கூட்டம். புதியவர்களைப் பொறுக்கியெடுக்கும் வாரத்தில் காலை முதல் இரவு வரை நின்றபடியே சிரித்துப் பேசும் வேலை. தர்ம காரியங்களுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு. மார்க் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது. சில இடங்களில் வருகைக்குப் புள்ளிகள். புள்ளி குறைந்தால் விருந்துகளில் இடமில்லை. இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது சகோதரி என்கிற ஒரு சொல்.

அந்தச் சொல் வந்த வழியைப் பார்க்க வேண்டும். 1851-ல் ஜார்ஜியா மாகாணத்து மேகன் நகரில், வெஸ்லியன் பெண்கள் காலேஜில் ஆரம்பித்த ஒரு சங்கம் தன்னை அடெல்ஃபியன் என்று அழைத்துக்கொண்டது. கிரேக்கத்தில் சகோதரி என்பதற்கான சொல்லிலிருந்து எடுத்த பெயர். இன்றைய ஆல்ஃபா டெல்டா பை அதன் தொடர்ச்சி. 1870-ல் இண்டியானாவில் காப்பா ஆல்ஃபா தீட்டா. 1874-ல் நியூயார்க் மாகாணத்து ஸிரக்யூஸில் காமா ஃபை பீட்டா. இதற்காகத்தான் அங்கிருந்த லத்தீன் பேராசிரியர் ஒருவர், ஸோரார் என்கிற லத்தீன் சொல்லிலிருந்து ஸொராரிட்டி என்ற சொல்லை உண்டாக்கிக் கொடுத்தார். அதற்குமுன் இப்படிப்பட்ட பெண்கள் சங்கங்களுக்கும் ஃப்ரெட்டர்னிட்டி, அதாவது சகோதரர் கூட்டம் என்றே பெயர். 1870-களின் அந்தப் பெண்கள், ஆண்களின் காலேஜுக்குள் அப்போதுதான் விடப்பட்டவர்கள். அவர்களை அங்கே யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. எதிர்பார்க்கப்படாதவர்கள் ஒருவரையொருவர் எதிர்பார்த்துக்கொள்வதற்காகக் கூடினார்கள் என்று அந்தச் சரித்திரத்தைச் சுருக்கலாம்.

1908-ல் வாஷிங்டனில் ஹோவர்ட் யுனிவர்சிடியில் கறுப்பினப் பெண்கள் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவை ஆரம்பித்தார்கள். 1913-ல் அதே இடத்தில் 22 பெண்கள் டெல்டா ஸிக்மா தீட்டாவை ஆரம்பித்தார்கள். டெல்டாவின் முதல் பொதுக் காரியம், அந்த வருஷம் மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் கலந்துகொண்டது. இந்தச் சங்கங்களில் அங்கத்துவம் ஆயுசுக்கும் என்று கருதப்படுகிறது. படிப்பை முடித்தவர்களுக்கென்று தனிக் கிளைகள் உண்டு. வேலைக்குப் போய், குழந்தை பெற்ற பிறகும் ஒருத்தி புதிதாகச் சேர வழியிருக்கிறது. சந்தா பாக்கி இல்லாதவளை ஃபைனான்ஷியல் என்று குறிப்பிடும் வழக்கமும் அங்கே உண்டு; ஆக அவர்களும் பணத்தை மறந்தவர்கள் இல்லை. ஆனால் 19 வயதுப் பெண் ஒருத்தியின் அளவுக்கு மட்டும் வெட்டித் தைத்த சட்டையாக அந்த அமைப்பு இல்லை. சகோதரித்துவத்தை வேறு அளவிலும் தைக்கலாம் என்பதற்கு இது சாட்சி.

3

சட்டம் இதில் என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. 1972-ல் அமெரிக்காவில் டைட்டில் நைன் என்று வழங்கப்படும் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி ஸ்தாபனங்கள் ஆண் பெண் என்று பேதம் காட்டக் கூடாது. 1975-ல் அதற்கு எழுதப்பட்ட விதிகள், கர்ப்பத்தையும் தாய்மையையும் காட்டி ஒரு மாணவியை விலக்கக் கூடாது என்றன. இவ்விரண்டுக்கும் நடுவே, 1974-ல், ஒரு திருத்தம் நுழைந்தது: காலேஜ் ஃப்ரெட்டர்னிட்டிகளும் ஸொராரிட்டிகளும் அங்கத்தினரைச் சேர்க்கும் முறைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று ஒரு சங்கம் இருப்பதற்கு வழி விட வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் தாயாகிவிட்ட மாணவியின் இடத்திலிருந்து பார்த்தால், பாடம் அவளுக்கு உரிமை, உறவு உரிமை இல்லை என்று ஆகிறது.

உறவு உரிமையாக இருக்கவும் முடியாது. கோர்ட்டுக்குப் போய் யாரும் ஒரு சிநேகிதியை வாங்கிக்கொண்டு வர முடியாது. ஸிமோன் வேய், அவர் இறந்தபின் 1949-ல் வெளிவந்த நூலில், உரிமையைவிடக் கடமை முந்தியது என்கிற இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார். எனக்கு எதிரே ஒருவன் தன் கடமையை ஒப்புக்கொள்ளாதவரை என் உரிமைக்கு உயிர் கிடையாது. சட்டம் தொடாமல் விட்ட இடத்தில் மீதியிருப்பது இதுதான்: சகோதரி என்று கூப்பிட்டவர்கள் எதைக் கடமையாக ஒப்புக்கொண்டார்கள்?

2011-12 கல்வியாண்டில் அமெரிக்காவில் துணையின்றிக் குழந்தை வளர்த்துக்கொண்டே காலேஜில் படித்த பெண்கள் சுமார் 21 லட்சம் பேர். பட்டப்படிப்பு மட்டத்தில் இருந்த மாணவர் தொகையில் 11 சதவிகிதம். கணிசமானவர்கள் இரண்டு வருஷ கம்யூனிடி காலேஜ்களில் படித்தவர்கள். அங்கெல்லாம் ஸொராரிட்டி அபூர்வம். ஆகவே நண்பரின் மாணவியைப் போன்றவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சமாகத்தான் இருப்பார்கள். ஆனால் கேள்வி எத்தனை பேருடையது என்பதை வைத்து அதன் கனத்தைத் தீர்மானிப்பவர்கள் இந்தப் பத்திரிகையை வாசிக்க மாட்டார்கள்.

4

சுலபமான பதில்கள் இரண்டு உண்டு.

முதல் பதில்: விதி எல்லோருக்கும் ஒன்று. தெரிந்துதானே சேர்ந்தாள், கட்டட்டும். இந்தப் பதிலை நான் கௌண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பல வருஷம் சொல்லியிருக்கிறேன். குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்குகளில் அபராதம் பிடித்த காலத்தில், பிடித்த கைகளில் என்னுடையதும் ஒன்று. பணம் இல்லை என்ற காரணத்துக்காகப் பணம் இல்லாதவரிடமிருந்து பணம் எடுப்பது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். லட்சத்தில் இருப்பு வைத்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. ஞாயிறு இரவுக் கூட்டமும் இந்த ரகம். அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தீர்ந்தது என்று இருக்கும் பெண்ணுக்கு அது ஒரு விதியாகவே உறைக்காது. வர்ஜீனியா வுல்ஃப் 1929-ல் எழுத்தாளப் பெண்ணுக்குக் கேட்டதும் பணமும், பூட்டுப் போட்ட ஓர் அறையும்தான். நாலு வயதுப் பையன் வெளியே நின்று தட்டும் கதவுக்குப் பூட்டு ஏது? அதே நூலில், பெண்கள் காலேஜ் ஏன் இப்படி ஏழையாக இருக்கிறது என்று யோசிக்கும் இடத்தில் வுல்ஃபுக்கு நினைவு வருவது, பதின்மூன்று குழந்தை பெற்ற ஒரு தாய். காலேஜுக்கும் தாய்க்கும் உள்ள இந்தப் பிணக்கு ஸொராரிட்டியோடு பிறந்ததல்ல. நேரமில்லாததற்காக விதிக்கப்படும் அபராதத்தை, அந்தப் பெண் கடையில் மேலும் சில மணி நேரம் நின்று சம்பாதித்துத்தான் கட்டியிருக்க வேண்டும். அந்த மணி நேரமும் பையனுடையது.

இரண்டாவது பதில் கருணையின் பதில்: விலக்கு கொடுத்துவிடலாம். இதற்கு ஒழுங்கான ஏற்பாடுகள் ஸொராரிட்டிகளில் உண்டு. காரணம் காட்டி வராமலிருக்க அனுமதி, ஒரு பருவத்துக்கு விசேஷ அந்தஸ்து, அதுவும் போதாவிட்டால் படித்துக்கொண்டிருக்கும்போதே பழைய மாணவிகளின் பட்டியலுக்கு மாற்றம். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் இருக்கும்போதே பழைய ஆளாவது என்பதை யோசித்துப் பாருங்கள். பாங்கியில் ஒரு கடனைத் தள்ளுபடி செய்யும்போது வாங்கியவனுக்குச் சந்தோஷம்தான். அதே நிமிஷத்தில் பாங்கி வேறொன்றும் தீர்மானிக்கிறது: இந்த ஆளிடமிருந்து இனி நாம் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை. அடுத்த முறை அவன் வந்தால் மேனேஜர் உட்காரச் சொல்வதில்லை. அந்தப் பெண் காரணம் எழுதிக் கொடுக்க மறுத்தது இந்த வாசனையை உணர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

5

அப்படியானால் விதியையே தூக்கிப் போட்டுவிடலாமா? வருவதும் வராததும் அவரவர் சௌகரியம், மனசில் சகோதரியாக இருந்தால் போதும் என்று? நம்மில் சிலர் உடனே இதைச் சொல்வார்கள். எனக்குச் சம்மதமில்லை. நட்பின் லட்சணமாக அரிஸ்டாட்டில் முக்கியப்படுத்தியது சேர்ந்து வாழ்வதை. தூரம் நட்பை நேரடியாக அறுப்பதில்லை, நட்பின் இயக்கத்தை நிறுத்துகிறது, நாள் ஆக ஆக மறதி வந்துவிடுகிறது என்கிற ரீதியில் அவன் சொல்வது அனுபவத்தில் சரியாகவே இருக்கிறது. உடம்பு வராத இடத்துக்கு மனசு வெகுநாள் வந்துகொண்டிருக்காது. வருகைப் பதிவை வெறும் அதிகாரமாக மட்டும் பார்ப்பது அரைகுறைப் பார்வை. பதிவில் ஒருத்தியின் பெயருக்கு நேரே 'இல்லை' என்று விழ வேண்டுமானால் முதலில் பெயர் அங்கே இருக்க வேண்டும். யாரோ கூப்பிட்டு, பதில் வராமல், ஒரு கணம் தலை நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். 45 டாலர் கொடுத்து அவள் வாங்கியது அந்த ஒரு கணத்தை. வீம்பு என்ற சொல் இதற்குப் போதாது.

இருந்தும் அவள் கட்சியை முழுக்க ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அபராதம் கட்டியதும் கணக்கு நேராகிவிடுகிறது. பையனுக்கு ஜுரம் எப்படியிருக்கிறது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. ஜுரம் வந்ததே அவர்களுக்குத் தெரியாது. தள்ளுபடியால் அவர்கள் கணக்கை மூடியிருப்பார்கள். அபராதத்தால் அவள் மூடிவிட்டாள். மானம் தப்பியது. ஆனால் சகோதரி என்று கூப்பிட்டவர்கள் அந்தச் சொல்லுக்குத் தகுதிப்பட ஒரு சந்தர்ப்பம் வந்தபோது, அது வந்ததையே அவள் அவர்களிடம் சொல்லவில்லை.

பாங்கி பாஷையில் வாராக் கடன் என்று ஒன்று உண்டு. திரும்பி வராது என்று ஆகிவிட்ட கடன். எங்களுக்கு அது வியாதி. ஆனால் வீடு என்பது முழுக்க முழுக்க வாராக் கடன்களாலேயே நடக்கிறது. யாரும் வசூல் பண்ணுவதில்லை, யாரும் தள்ளுபடியும் பண்ணுவதில்லை. தம்பி கல்யாணத்துக்கு நீ வரவில்லையே என்று இருபது வருஷம் கழித்தும் சொல்லுவார்கள். சொல்கிறவரை கணக்கு திறந்திருக்கிறது என்று அர்த்தம். உறவு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

சகோதரி என்ற சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் அதன் பாரத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழில் அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா. இங்கிலீஷில் ஆன்ட் என்பது அம்மாவிடமிருந்து விலகி நிற்கும் தனிச் சொல். நம் சொல்லிலோ, ஒருத்தியை அக்கா என்று கூப்பிட்ட நிமிஷமே அவள் பிள்ளைக்கு நீ ஒரு வகையில் அம்மாவாகிவிடுகிறாய். பாஷை சொல்வதை நாம் நடத்திக் காட்டுகிறோம் என்று நான் பெருமையடிக்கவில்லை. எத்தனை பெரியம்மாக்கள் கதவைச் சாத்தினார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் சொல்லின் தர்க்கம் இப்படித்தான் போகிறது. ஒருத்தியின் ஞாயிறு இரவைக் கேட்க உனக்கு உரிமை உண்டென்றால், அந்த இரவில் அவள் கையில் இருக்கும் குழந்தையை வாங்கிக்கொள்ளும் கடமையும் உனக்கு உண்டு. நடைமுறையில் இது பெரிய தியாகமொன்றும் இல்லை. கூட்டத்தைப் பகலுக்கு மாற்றலாம். பையனை அழைத்து வரச் சொல்லலாம். யாராவது ஒருத்தி பையனோடு அவன் வீட்டில் உட்கார்ந்திருப்பதையே கூட்டத்துக்கு வந்ததாகப் பதியலாம். சந்தாவை மாதத் தவணையாக வாங்கலாம்.

19 வயதுப் பெண் இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு: நான் குழந்தை பெற்றுக்கொள்ளவில்லையே, எதற்கு என் சாயங்காலம்? கூடப் பிறந்தவள் இப்படிக் கேட்டால் நான் பதில் சொல்லத் தயங்குவேன். அவள் தன் அக்காவைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் இங்கே எல்லோரும் தேர்ந்தெடுத்தவர்கள். பார்த்து, பேசி, ஒரு வாரம் அலசி, ஓட்டுப் போட்டுச் சேர்த்துக்கொண்டவர்கள். அவளுக்குப் பையன் இருப்பது தெரிந்து சேர்த்தார்கள் என்றால் பையனையும் சேர்த்துத்தான் சேர்த்தார்கள். தெரியாமல் சேர்த்தார்கள் என்றால் அவர்கள் சேர்த்தது அவளை அல்ல. தேர்ந்தெடுத்த உறவில் கடமை குறையும் என்று பொதுவாக நினைக்கிறோம். கூடும் என்று எனக்குப் படுகிறது. பிறப்பு என்கிற தற்செயலைக் காட்டித் தப்பிக்க அங்கே வழியில்லை.

6

நண்பருக்கு இந்தப் பதிலை அனுப்பாததற்கு ஒரு காரணம் இருந்தது.

நம் மாதக் கூட்டத்துக்கு ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தது பலருக்கும் ஞாபகமிருக்கும். அவர் கவிதைகள் நாலைந்து இந்தப் பக்கங்களில் வந்திருக்கின்றன. கணவனைப் பிரிந்து, ஒரு பெண் குழந்தையோடு தனியே இருப்பவர். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு அவர் வரவில்லை. கூட்டத்துக்குத் தகவல் சொல்வது என் பொறுப்பு. நாலாவது மாதம், பாவம், அவருக்கு எதற்குச் சிரமம், வர முடியாதவரைக் கூப்பிட்டுத் தர்மசங்கடப்படுத்தக் கூடாது என்று பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தேன். கருணையோடுதான் அடித்தேன். யாரையும் கேட்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. அது நடந்து இரண்டு வருஷமாகிறது.

வழக்கமாகக் கூடும் நாம் பதினோரு பேர். அதில் எட்டுப் பேர் தகப்பன்மார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, நாம் பிரக்ஞையைப் பற்றியும் மொழியைப் பற்றியும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, இந்த எட்டு வீட்டுக் குழந்தைகளும் யாரிடம் இருக்கின்றன என்று ஒரு கூட்டத்திலும் பேச்சு வந்ததில்லை. எனக்கு இரண்டு குழந்தைகள். நான் ஒரு கூட்டத்துக்கும் வராமலிருந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அமெரிக்கப் பெண்கள் அபராதமாவது போட்டார்கள்.

சென்ற வாரம் அந்தப் பெண்மணிக்கு, இந்த மாதக் கூட்டம் பகல் மூன்று மணிக்கு, குழந்தையை அழைத்து வரலாம் என்று சொன்னேன். நேரத்தை மாற்றியது பற்றி உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. இதையே அறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வருவதாகச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதில் சொல்ல முடியவில்லை.